மதிப்பிடுவாரை மதிப்பிடுதல்

கல்லூரியிற் பயிலுங் காலத்து நம்மைப் பரீட்சகர் மதிப்பிடுகின்றனர். கல்லூரியை நீங்கி உத்தியோகத்தில் அமர்ந்தபின் மேலதிகாரிகள் மதிப்பிடுகின்றனர். இவ்விரண்டிற்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. பரீட்சையில் நாம் எழுதிய விடைத்தாள் எஞ்சி நிற்கும்; ஐயம் எழுந்தால் மற்றொருவர் அதனை எடுத்துப் படித்துப் பார்க்கலாம். அலுவலகத்தில் ஓராண்டு முழுதும் ஒருவர் செய்த வேலையிற் பெரும்பகுதியோ செய்த அக்கணமே மறைந்துவிடுகின்றது. எஞ்சுவன மேலதிகாரியின் நினைவும், அந்நினைவைக்கொண்டு அவர் இடும் ஒரு குறியுமேயாம். ‘நன்று’, ‘மிக நன்று’, ‘தலைசிறந்தது’ என்னும் அக்குறியே ஊதிய உயர்வுக்கும், பதவி உயர்வுக்கும், சிலபோது வேலை நீக்கத்துக்குங்கூடக் காரணமாகின்றது. அக்குறி உண்மையோடு பொருந்துகின்றதா என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினாவே ஈண்டு ஆராயப்புகுந்த பொருள்.

இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. நம் நாட்டில் எல்லைப்புறச் சாலைத் துறையைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் மேற்பதவிக்கு உரியவராயிருந்தார். அப்பதவிக்கு முந்திய ஐந்தாண்டு இரகசிய அறிக்கைகளிலும் ‘மிக நன்று’ என்னுங் குறி இருத்தல் வேண்டும் என்பது விதி. நான்கு ஆண்டுகளில் அவர்க்கு அக்குறி கிடைத்தது. 1993-94ஆம் ஆண்டில் மட்டும் ‘நன்று’ என்று எழுதப்பட்டிருந்தது. அச்செய்தி அவர்க்கு அறிவிக்கப்படவும் இல்லை. அவ்வொரு சொல்லால் அவர் பதவி உயர்வை இழந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2008ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம், குறி நல்லதாயினும் தீயதாயினும் அதனை உரியவர்க்கு அறிவித்தே தீர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நீதியான தீர்ப்பே. எனினும் அறிவித்தல் வேறு. அறிவித்தது மெய்யாயிருத்தல் வேறு. அவ்வாண்டில் அவர் செய்த வேலை உண்மையிலேயே முன்னையினுந் தாழ்ந்ததா, அன்றி எழுதியவரின் கைதான் சுருங்கிற்றா என்னும் வினாவுக்கு, அறிவித்தலால் மட்டும் விடை கிடைத்துவிடாது.

மாந்தரின் வேலையைக் குறியிட்டுக் காட்டும் வழக்கம் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து நாட்டு நியூ லானார்க் பஞ்சாலையில் ராபர்ட் ஓவென் என்பார் ஒவ்வொரு தொழிலாளியின் இடத்திலும் நான்கு பக்கமுள்ள சிறு மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என நான்கு பக்கமும் நான்கு வண்ணம். முன்னாள் நடந்துகொண்டது தீதாயின் கறுப்பும், மிக நன்றாயின் வெள்ளையும் முன்னே நிற்கும். அதற்கு ‘மௌனக் கண்காணிப்பாளர்’ என்று பெயர். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு வால்டர் டில் ஸ்காட் என்னும் மனோதத்துவ அறிஞர் வேறொரு முறையை வகுத்தார். மதிப்பிடும் அதிகாரி, ஒவ்வொரு குணத்துக்கும் தாம் அறிந்த ஐவரை, மிகச் சிறந்தவர் முதல் மிகத் தாழ்ந்தவர் ஈறாகப் படிகளாக நிறுத்திக்கொண்டு, மதிப்பிடப்படுவாரை அவர்களோடு ஒப்பிட்டு எண் கொடுத்தல் வேண்டும்.

இவ்வாறு குவிந்த எண்களை ஆராய்ந்தவருள் எட்வர்ட் தார்ண்டைக் முதன்மையானவர். 1920ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். படை அதிகாரிகள் தம்கீழ் உள்ளாரின் உடற்கட்டு, அறிவு, தலைமை, ஒழுக்கம் என்பவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டிருந்தனர். ஆயினும் அவ்வெண்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே சென்றன. உடல் வலியாரை அறிவிலும் உயர்ந்தவராக எழுதினர். அறிவில் தாழ்ந்தாரை ஒழுக்கத்திலுந் தாழ்த்தினர். ஒருவரைப்பற்றிய பொதுவான எண்ணம் ஒளிவட்டம் போல அவர் குணங்கள் அனைத்தின்மீதும் பரவுகின்றது என்று தார்ண்டைக் கூறினார். ‘ஒளிவட்டப் பிழை’ என்னும் பெயர் இதனால் நிலைத்தது. பின்னர் வந்தோர் வேறு இரு பிழைகளையுஞ் சேர்த்தனர். எல்லார்க்கும் உயர்ந்த எண்ணை வாரி வழங்குதல் தாராளப் பிழை. எவரையும் உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் நடுவிலேயே நிறுத்துதல் நடுவொதுங்கும் பிழை.

இங்கேதான் ஆராய்ச்சியாளர் பலர் நெடுங்காலம் வழிதவறினர் என்பது என் கருத்து. இப்பிழைகள் எண்களின் தோற்றத்தைக்கொண்டே கணிக்கப்படுவன. எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சென்றால் ஒளிவட்டம், யாவும் உயர்ந்திருந்தால் தாராளம், நெருங்கியிருந்தால் நடுவொதுங்கல். இத்தோற்றங்கள் இல்லையேல் மதிப்பீடு மெய்யானது என்று கருதலாயினர். ஆனால் ஓர் அலுவலகத்திலுள்ள அறுவரும் உண்மையிலேயே திறமையுடையராயிருப்பின், அவர்க்கு உயர்ந்த எண் கொடுத்தவர் தாராளப் பிழை செய்தவர் ஆவாரோ? ஊக்கமுள்ள ஒருவர் கணக்கிலும் கடிதத்திலும் நேரந்தவறாமையிலும் ஒருங்கே சிறந்திருத்தல் உலக இயல்பன்றோ? எண்களின் தோற்றத்தை மட்டும் நோக்கி அவற்றின் உண்மையைத் துணிதல், விடைத்தாளைப் படியாமல் கையெழுத்தின் அழகைக்கண்டு மதிப்பெண் இடுதலை ஒக்கும்.

இனி, இருவர் ஒத்துக் கூறினால் அது மெய்யாகாதோ என்று சிலர் வினவுவர். ஒத்துக் கூறுதல் அரியது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பரீட்சைத் துறையிலேயே இதற்குப் புகழ்பெற்ற சான்று உண்டு. 1935ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹார்ட்டாக், ரோட்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், தேர்ந்த பரீட்சகர் பதினால்வர் சரித்திர விடைத்தாள் பதினைந்தை ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை திருத்தினர். 210 தீர்ப்புக்களில் 92 தீர்ப்புக்கள் இரண்டாம் முறையில் மாறிப்போயின. முன்னர்த் தேறினார் எனப்பட்டவர் பின்னர்த் தவறினார் எனப்பட்டார், தவறினவர் தேறினார். தாள் கையிலிருக்கவே, ஒரே மனிதர் தம்மோடு தாமே ஒத்திலர் எனின், மறைந்துபோன வேலையைப்பற்றி இருவர் ஒத்துரைத்தல் எளிதாகுமோ? 1996ஆம் ஆண்டில் விஸ்வேஸ்வரன் முதலிய மூவர் முன்னை ஆராய்ச்சிகள் பலவற்றைத் தொகுத்துக் கணித்தனர். ஒரே சிப்பந்தியை மதிப்பிடும் இரு மேலதிகாரிகளின் எண்களுக்கிடையே உள்ள ஒட்டுறவு 0.52 அளவினது என்பது அவர் கண்ட முடிவு. முழு ஒற்றுமையை 1 என்றும், ஒற்றுமையே இன்மையை 0 என்றுங் கொள்ளும் அளவை இது.

ஆயினும் ஒற்றுமை நிறைந்தே இருப்பினும் அது போதாது. ஒரே கடையில் ஒரே நாளில் திருத்திய இரு கடிகாரங்கள் ஒரே மணியைக் காட்டலாம். அம்மணி தவறாகவும் இருக்கலாம். இரு அதிகாரிகள் பகலுணவின்போது ஒருவரோடொருவர் பேசிக்கொண்ட வதந்தியே இருவர் எண்ணிலும் இறங்கியிருக்கக் கூடும். ஒற்றுமையின்மை பிழைக்குச் சான்றாகும். ஒற்றுமை உண்மைக்குச் சான்றாகாது.

அங்ஙனமாயின், செய்த வேலையையே எண்ணி நிறுத்துப் பார்த்து மதிப்பீட்டோடு ஒப்பிடலாமே என்பர் வேறு சிலர். தறியில் நெய்த துணியின் கெஜம், விற்பனையாளர் விற்ற சரக்கின் தொகை முதலியன எண்ணக்கூடியனவே. 1995ஆம் ஆண்டில் பாமர் முதலியோர் இத்தகைய கணக்குகளையும் மேலதிகாரிகளின் மதிப்பீடுகளையும் ஒப்பிட்ட ஆராய்ச்சிகளைத் தொகுத்தபோது, இரண்டிற்கும் உள்ள ஒட்டுறவு ஏறத்தாழ 0.39 என்று கண்டனர். இவ்வெண்ணைக் கண்டதும் மேலதிகாரிகளே பிழைபட்டனர் என்று கொள்ளற்க. செழித்த ஊரில் விற்பவரும் வறண்ட ஊரில் விற்பவரும் ஒரே தொகை காட்டல் இயலாது. புதிதாய் வந்தவர்க்குத் தொழில் கற்பித்த பொறுமையும், சினந்து வந்த வாடிக்கைக்காரரைத் தணித்த நாநலமும் பேரேட்டில் ஏறுவதில்லை. உபாத்தியாயர், செவிலியர், எழுத்தர் முதலியோர் வேலையிற் பெரும்பகுதி எண்ணுக்கு அடங்காதது. எண்ண இயலாமையாலன்றோ மதிப்பிட வேண்டுவதாயிற்று!

ஆகவே மதிப்பீட்டின் மெய்ம்மையைச் சோதிப்பதற்கு, மதிப்பிடுவோரின் எண்ணுக்குப் புறம்பான ஓர் உரைகல் வேண்டும். அவ்வுரைகல்லை ஆக்கும் முறையைச் செவ்வனே செய்துகாட்டியவருள் வால்டர் போர்மன் என்பார் குறிப்பிடத்தக்கவர். 1970க்குப் பிந்திய ஆண்டுகளில் அவர் கையாண்ட முறை இது. ஒரு தொழிலில் நிகழும் காட்சி ஒன்று எழுதப்படும். எந்தக் குணத்தில் எந்த அளவுக்குத் திறமை தோன்றவேண்டும் என்பது முன்னரே வரையறுக்கப்படும். நடிகர் அதனை நடிக்க, ஒளிநாடாவிற் பதிவு செய்யப்படும். வேலைக்கு ஆளெடுப்பார் ஒருவர் விண்ணப்பதாரரோடு உரையாடுதல், இடர் விளைக்கும் சிப்பந்தியோடு மேலாளர் பேசுதல் என்னும் இரு தொழிற்காட்சிகளை, ஒவ்வொன்றிலும் எண்மர் வெவ்வேறு திறத்தில் நடத்திக்காட்டினர். பின்னர் அத்தொழிலறிந்த நிபுணர் பலர் விரைவின்றி அப்பதிவுகளை ஆய்ந்து, ஒருவரையொருவர் கலவாமல் மதிப்பிடுவர். அவர்தம் எண்களின் சராசரியே ‘உண்மை மதிப்பு’ எனக் கொள்ளப்படும். அதன்பின் சாதாரண மதிப்பீட்டாளர் அதே பதிவை ஒருமுறை கண்டு கொடுக்கும் எண்ணை இவ்வுண்மை மதிப்போடு ஒப்பிட்டு, எவ்வளவு விலகினார் என்று அளக்கலாம்.

விலகலை அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. 1955ஆம் ஆண்டில் லீ குரோன்பாக் என்பார் அதனை நான்காகப் பகுத்துக் காட்டினார். ஓர் அதிகாரி பத்துச் சிப்பந்திகளை நான்கு குணங்களில் மதிப்பிடுகின்றார் எனக் கொள்வோம். அவர் கொடுத்த எல்லா எண்களின் சராசரி உண்மையினும் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது முதற்கூறு. பத்துப்பேருள் யார் மொத்தத்தில் யாரினும் மேலானவர் என்பதைச் சரியாகக் கண்டாரா என்பது இரண்டாவது. இப்பதின்மரும் ஒரு கூட்டமாக எக்குணத்தில் வலியர், எதில் மெலியர் என்பதைச் சரியாகக் கண்டாரா என்பது மூன்றாவது. இன்னார் இன்ன குணத்தில் வலியர், அவரே இன்னதில் மெலியர் என்று ஆளுக்கு ஆள் பிரித்துணர்ந்தாரா என்பது நான்காவது. இந்நான்கும் வெவ்வேறு திறங்கள். பதவி உயர்வுக்கு ஒருவரைத் தேர்வதற்கு இரண்டாவது திறமே வேண்டப்படும். அலுவலகத்தார் அனைவர்க்கும் எப்பயிற்சி அளிப்பது எனத் துணிவதற்கு மூன்றாவது. ஒருவரை அழைத்து அவர் குறையை எடுத்துரைப்பதற்கு நான்காவது. எல்லார்க்கும் இரண்டெண் குறைத்தே போடும் கடுமையான அதிகாரி முதற்கூற்றில் பிழைபட்டும், மற்ற மூன்றிலும் பழுதற்றவராக இருக்கலாம். ஆதலின் ‘இவர் மதிப்பீடு சரியானது’ என்று பொதுப்படக் கூறுதல் பயனற்றது. எதன்பொருட்டுச் சரியானது என்று கூறுதல் வேண்டும்.

இவ்வுரைகல் கையில் வந்தபின் வெளிப்பட்ட உண்மை வியப்புக்குரியது. 1980ஆம் ஆண்டில் பெர்னார்டினும் பென்ஸும் ஒரு சோதனை செய்தனர். ஒளிவட்டம், தாராளம் முதலிய பிழைகளை விலக்குமாறு சிலர்க்குப் பயிற்சி அளித்தனர். பயின்றோர் எண்களில் அப்பிழைத் தோற்றம் குறைந்தது. அதனோடு உண்மையுங் குறைந்தது! அவர்கள் செயலை உற்று நோக்கக் கற்றிலர். எண்களைப் பரப்பிப் போடவே கற்றனர். 1989ஆம் ஆண்டில் மர்ஃபியும் பால்ஸரும் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கி, பிழைத் தோற்றத்துக்கும் உண்மைக்கும் உள்ள ஒட்டுறவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று காட்டினர். எழுபது ஆண்டு வழங்கிவந்த அளவுகோல், அளக்கவேண்டிய பொருளை அளக்கவில்லை என்பது தெளிவாயிற்று. ‘தலைசிறந்தது’ என்னுங் குறியை நூற்றுக்கு இத்தனை பேர்க்கே வழங்கலாம் என்று வரம்பு கட்டிவிட்டு, மதிப்பீடு சீர்ப்பட்டது என மகிழும் நிர்வாகிகள் இதனைச் சிந்தித்தல் நலம்.

நிற்க. இவ்வுரைகல்லும் மாசற்றதன்று. நிபுணரின் சராசரியை உண்மை என்பது ஒரு வசதியேயன்றி முற்ற முடிந்த உண்மையன்று, நிபுணருந் தவறக்கூடும். 1988ஆம் ஆண்டில் சல்ஸ்கியும் பால்ஸரும் இத்தடைகளை விரித்துரைத்தனர். நாடாவில் வரும் காட்சி சில நிமிடங்களில் முடிவது. அலுவலகத்து வேலை ஆண்டு முழுதும் நடப்பது. நாடாவில் வருபவர் அந்நியர். அலுவலகத்தில் இருப்பவரோ நாள்தோறும் முகம் பார்ப்பவர். எல்லாவற்றினும் பெரிய வேற்றுமை ஒன்றுண்டு. சோதனைச்சாலையில் அமர்ந்து மதிப்பிடுவார்க்கு உண்மையை மறைப்பதால் ஊதியம் இல்லை. மேலதிகாரிக்கோ பல காரணங்கள் உண்டு. 1987ஆம் ஆண்டில் லாங்கனெக்கர் முதலியோர் அமெரிக்க நிறுவனங்களின் உயர் அதிகாரிகள் அறுபதின்மரைக் கண்டு உரையாடியபோது, தாம் எழுதும் எண்களில் உண்மையே முதல் நோக்கம் அன்று என்பதை அவர்கள் ஒளியாமற் கூறினர். சிப்பந்தியின் மனம் நோகாமை, குழுவின் அமைதி, வேண்டாதவரைப் புகழ்ந்தே வேறு பகுதிக்கு அனுப்புதல் முதலிய எண்ணங்கள் அவரை ஆண்டன. பதவி, ஊதியம் முதலியவற்றுக்காக இடும் எண்கள், ஆராய்ச்சிக்கென இடும் எண்களினும் உயர்ந்திருத்தலை 1997ஆம் ஆண்டில் ஜவஹரும் வில்லியம்ஸும் கணித்துக் காட்டினர்.

இதனால் பெறப்படுவது யாது? மதிப்பீடு பொய்ப்படுவதற்குக் காரணம் இரண்டு. காண இயலாமை ஒன்று. கண்டதை எழுத விரும்பாமை மற்றொன்று. சோதனைச்சாலை முறைகள் முன்னதையே அளப்பன. பின்னதை அளப்பதற்கு, ஒரே அதிகாரி நோக்கம் வேறுபடும்போது எண்ணை எவ்வாறு மாற்றுகின்றார் என்று ஒப்பிடுதலே வழி. இவ்விரண்டையும் பிரியாது பேசுவோர், கண் மங்கியவர்க்கு நீதி போதிப்பர்; நேர்மை தவறியவர்க்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பர்.

சோதனைச்சாலை முறைக்குக் குறை உண்டென்பதால் அதனைத் தள்ளிவிடுதல் தகாது. கடைக்காரர் காய்கறி நிறுக்கும் எடைக்கல்லை உரிய காலந்தோறும் சோதித்து முத்திரையிட வேண்டும் என்று சட்டம் இருக்கின்றது. அரைக்கிலோ கத்தரிக்காய்க்கு இத்துணைக் காவல் செய்யும் நாம், ஒரு குடும்பத்தின் வாழ்வை நிறுக்கும் அதிகாரியின் மனத்தராசை ஒருநாளும் சோதிப்பதில்லை. 2000ஆம் ஆண்டில் ஸ்கல்லன் முதலியோர் 4,492 மேலாளர்மீது இடப்பட்ட எண்களைப் பகுத்து ஆராய்ந்தபோது, அவ்வெண்களிற் காணப்பட்ட வேறுபாட்டில் பாதிக்கு மேற்பட்டது மதிப்பிடுவோரின் தனிப்போக்கால் வந்தது என்று கண்டனர். சிப்பந்தியின் பெயரால் எழுதப்படும் அறிக்கையில் பெரும்பங்கு எழுதுவோரின் சரித்திரமே என்பது இதன் கருத்து. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டு விதிகளின்படி அகில இந்தியப் பணியாளர்க்கு 1 முதல் 10 வரை எண் வழங்கப்படலாயிற்று. சொல்லினும் எண் நுட்பமானதே. ஆனால் முத்திரையில்லாத எடைக்கல்லின்மீது எத்துணை நுண்ணிய கோடுகளைப் பொறித்தாலும் அதன் நிறை திருந்தாது.

ஆகவே நிர்வாகிகள் செய்யத்தக்கன என்று எனக்குத் தோன்றுவன நான்கு. முதலாவது, குணத்தைக் குறிக்கும் சொல்லுக்கு முன் நிகழ்ச்சியை எழுதுதல். 1954ஆம் ஆண்டில் ஜான் ஃபிளானகன் விளக்கிய முறைப்படி, இன்ன நாளில் இன்னது செய்தார், இன்னது செய்யத் தவறினார் என்று அவ்வப்போது குறித்துவைத்தால், ஆண்டிறுதியில் நினைவை மட்டும் நம்பவேண்டுவதில்லை. மற்றொருவர் படித்துப் பார்ப்பதற்கும் ‘விடைத்தாள்’ ஒன்று கிடைக்கும். இரண்டாவது, மதிப்பிடும் அதிகாரிகள் யாவரும் ஆண்டுக்கு ஒருமுறை, உண்மை மதிப்பு அறியப்பட்ட பொதுப் பதிவுகளைக் கண்டு எண்ணிட்டு, தாம் எக்கூற்றில் எவ்வளவு விலகினர் என்று அறிதல். எது ‘நன்று’, எது ‘மிக நன்று’ என்பதை எடுத்துக்காட்டுக்களால் ஒருநிலைப்படுத்தும் பயிற்சியே உண்மையை மிகுவிப்பது என்று 1994ஆம் ஆண்டில் வோரும் ஹஃப்கட்டும் தொகுத்த ஆராய்ச்சி காட்டுகின்றது. மூன்றாவது, வேலையை நேரிற் கண்ட இருவர் கலந்து பேசாமல் தனித்தனியே எழுதுதல். அவர் மாறுபட்டால் சராசரியெடுத்து அமையாமல் காரணத்தை வினவுதல். நான்காவது, திருத்துதற்பொருட்டுச் செய்யும் மதிப்பீட்டையும், பதவிபொருட்டுச் செய்யும் மதிப்பீட்டையும் வேறாக வைத்தல். அறிவுரை கூறுவாரும் தீர்ப்புக் கூறுவாரும் ஒரே தாளில் ஒரே எண்ணால் பேசுங்கால் இரண்டும் கெடும்.

இவற்றுக்குப் பொழுதும் பொருளுஞ் செலவாகும் என்பர். உண்மையே. ஆனால் தவறான ஒரு சொல்லால் தக்கவர் பின்தள்ளப்பட்டு, தகாதவர் அவர்மேல் அமர்த்தப்படின் அலுவலகத்துக்கு நேரும் செலவை எவரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. கணக்கில் வாராமையால் அஃது இல்லையென்று ஆகிவிடாது. திருவள்ளுவர் அரசியலில் ‘தெரிந்து தெளிதல்’ என்றும் ‘தெரிந்து வினையாடல்’ என்றும் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை வகுத்தார். இரண்டின் பெயரிலும் ‘தெரிந்து’ என்னுஞ் சொல் முன் நிற்றலை நாம் கருதுதல் வேண்டும். தெரிதலுக்கு முயற்சி உண்டு, முறை உண்டு. முறையின்றித் தெளிந்தார் கூறுவது தெளிவன்று, வெறும் துணிவே.

மாணவ நண்பர்களே, உங்களுட் பலர் இன்னுஞ் சில ஆண்டுகளில் மதிப்பிடப்படுவீர்கள். அதற்குப்பின் சில ஆண்டுகளில் நீங்களே மதிப்பிடும் இருக்கையில் அமர்வீர்கள். அறிக்கைத் தாளை முன்வைத்துப் பேனாவை எடுக்கும் அந்நாளில், ‘இவர் எத்தகையவர்’ என்னும் வினாவுக்கு முன்னர், ‘நான் எதனைக் கண்டேன்? கண்டதை எழுதுகின்றேனா?’ என்னும் இரு வினாக்களை உங்களை நீங்களே வினவிக்கொள்ளுங்கள். அவற்றுக்கு விடை கூறிய பின்னரே அடுத்தவர்க்கு எண் இடுங்கள்.